அளவுக்கு ஓர் ஆள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை என் தங்கை வீட்டுச் சண்டையிலிருந்து எடுத்தேன். தெரிந்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பாறையை ஆராய்பவர்களில் பல வகை உண்டு. எரிமலைக்குப் பின்னால் ஓடுபவர்கள், பாறைக்குள் பழைய எலும்பைத் தேடுபவர்கள், படிகங்களை நுண்ணோக்கியில்...’

பாடப்புத்தக வாடை அடித்தது. விட்டுவிட்டேன். நமக்கு இரண்டு வகை போதும். தங்கை பாறை அடுக்குகளைப் படிப்பவள். விரற்கடை மண் படிய ஆயிரம் ஆண்டு ஆனாலும் அவளுக்கு அவசரமில்லை. அவள் கணவர் நிலநடுக்கம் ஆராய்பவர். அரை நிமிடத்தில் எல்லாம் தரைமட்டமாகிவிடும் என்ற நினைப்பிலேயே இருப்பவர். (பொருத்தம் பார்த்துக் கட்டிவைத்தவன் நான். அதைப் பற்றி யாரும் கேட்காதீர்கள்.)

2

பாறையைப் படமெடுக்கும்போது பக்கத்தில் எதையாவது வைப்பது இவர்கள் வழக்கம். சுத்தியல், பேனா, நாணயம், ஏதோ ஒன்று. இல்லாவிட்டால் படத்தில் இருப்பது மலையா கூழாங்கல்லா என்று தெரியாது. பெரிய பாறை என்றால் ஆளையே நிறுத்துவார்கள். தங்கை எப்போதும் மாப்பிள்ளைக்குச் சிவப்புச் சட்டை போட்டு, இடது ஓரமாக நிறுத்துவாள்.

“தள்ளி நில்லுங்க, பாறைய மறைக்காதீங்க.”

போன வருடம் மாப்பிள்ளை வெடித்தார். “வீடு முழுக்க என் படம்தான். ஒண்ணுலயாவது மூஞ்சி தெரியுதா? நான் உனக்குப் புருஷனா, அளவுகோலா?”

அவள் [இங்கே ‘கல்நெஞ்சக்காரி’ என்று எழுதி அடித்துவிட்டேன், என்ன இருந்தாலும் என் தங்கைதானே] யோசித்துப் பதில் சொல்வதற்குள், அவர் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு, பாதிச் சாமானை என் வீட்டில் போட்டுவிட்டுப் போய்விட்டார். யோசிக்க அவளுக்கு ஒரு வருடம் பிடித்தது.

3

நேற்று மாப்பிள்ளை போன் செய்தார்.

“மச்சான், அவ ஒரு படம் அனுப்பியிருக்கா. பெரிய பாறை. வேற ஒரு வார்த்தை எழுதல.”

“நல்ல பாறையா?”

“பாறைய விடுங்க. அளவுக்கு ஒண்ணுமே வைக்கல, சுத்தியல் கூட இல்ல. இடது ஓரம் காலியா இருக்கு. நான் நிக்கிற எடம்.”

“மறந்திருப்பா.”

“அவளா? சாப்பிட மறப்பா, இத மறக்க மாட்டா.” குரலைத் தாழ்த்தினார். “மச்சான்... அந்தச் சிவப்புச் சட்டை உங்க வீட்டுலயா இருக்கு?”

இருந்தது. சந்தோஷத்தில் நானே இஸ்திரி போட்டேன்.

4

முடிவு ஒன்று: அவள் நிஜமாகவே மறந்துதான் போயிருந்தாள். அவர் வந்த வழியே...

இல்லை. ஓர் அண்ணனாக இதை எழுத மறுக்கிறேன்.

முடிவு இரண்டு: அவரைக் கண்டதும் அவள் ஓடி வந்து... ஓடுவதா? பஸ்ஸைப் பிடிக்கக்கூட அவள் ஓடியதில்லை.

இனி உங்கள் பாடு. மாப்பிள்ளை பாறையருகே வந்துவிட்டார். அவள் கேமராவோடு நிற்கிறாள். அவரை எங்கே நிறுத்துவதென்று நீங்களே சொல்லுங்கள். என் சிபாரிசு ஒன்றுதான்: நன்றாக முன்னால் கூப்பிடுங்கள், முகம் தெரியட்டும். இந்த ஒரு தடவை பாறை மறைந்தால் மறைந்துவிட்டுப் போகட்டும்.