வள்ளலின் காது மெஷின்

மர அறுவை மில் முதலாளிக்கு ஊர் வைத்த பெயர் வள்ளல். ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு, நூலகத்துக்கு மாடி, பஸ் ஸ்டாப்புக்குக் கூரை என்று எங்கே நிமிர்ந்தாலும் அவர் பெயர் கல்லில் இருந்தது. கேட்டவருக்கு இல்லை என்று சொல்லாதவர் என்றார்கள். முழு உண்மை. கேட்டவர் என்ன கேட்டார் என்பதுதான் அவருக்குத் தெரியாது.

வாலிபத்திலிருந்தே ரம்பத்துக்குப் பக்கத்தில் நின்று நின்று காது போயிருந்தது. ஒரேயடியாகப் போகவில்லை, மரியாதையாக, கொஞ்சம் கொஞ்சமாக விடைபெற்றுக்கொண்டது. அதை வெளியே சொல்லக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. மில்லுக்கு வருகிறவன் கதவு கேட்பான், இல்லாவிட்டால் ஜன்னல் கேட்பான்; இதில் காதுக்கு என்ன வேலை? யார் வாயசைத்தாலும் தலையை ஆட்டி, "செஞ்சிடலாம்" என்பார். அளவெடுக்க ஆள் போகும். வியாபாரம் நடந்தது.

அப்படித்தான் ஒருநாள் பெரிய டாக்டர் வந்து வெகுநேரம் வாயசைத்தார். ஜன்னலுக்கு நல்ல ஆர்டர் போலிருக்கிறது என்று நினைத்து முதலாளி "செஞ்சிடலாம்" என்றார். டாக்டர் கண்கலங்கிக் கையைப் பிடித்துக்கொண்டார். ஜன்னலுக்கு இவ்வளவு உருக்கமா என்று முதலாளிக்கே ஆச்சரியம். மறுநாள் பேப்பரில் போட்டோ வந்தது. வார்டு கட்டித் தருகிறாராம். போட்டோவில் முகம் வேறு நன்றாக விழுந்திருந்தது. பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் செங்கல்லுக்குச் சொல்லி அனுப்பினார்.

ஊர் அதன் பிறகு உஷாராகிவிட்டது. கொடுக்கக் கொடுக்க அவருக்கும் பழகிவிட்டது. நாளடைவில் தாம் வள்ளல்தான் என்று அவரே நம்பத் தொடங்கினார். ஊரே சொல்லும்போது நாம் ஒருத்தர் எதற்கு மறுத்துப் பேசுவது?

இந்த நிம்மதியில் மண்ணைப் போட்டவள் மகள். வெளியூரிலிருந்து வந்தவள் அப்பாவை இழுத்துக்கொண்டு போய் இரண்டு காதிலும் மெஷின் மாட்டிவிட்டுத் திரும்பிப் போனாள். காதோர முடிக்குள் மறைந்துவிடும் அளவுக்குச் சின்ன மெஷின். மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது.

மாட்டிக்கொண்டு மில்லுக்குப் போன முதல் நாளே, கணக்குப்பிள்ளை போனில் பேசியது காதில் விழுந்தது.

"எங்க முதலாளியா? கெஞ்சவெல்லாம் வேணாம் சார். நேரா வந்து நின்னு சும்மா வாயை அசைங்க. குடுத்திடுவாரு."

முதலாளி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தபோது, தெரிந்து கொடுத்தது எது என்று யோசித்துப் பார்த்தார். வார்டு, ஜன்னல் என்று நினைத்துக் கொடுத்தது. மாடி, மேஜை என்று நினைத்துக் கொடுத்தது. பஸ் ஸ்டாப்புக் கூரையை என்ன நினைத்துக் கொடுத்தார் என்பதே ஞாபகமில்லை. கல்லில் இருப்பவன் யாரோ ஒருத்தன் என்று பட்டது. சாப்பாடு இறங்கவில்லை.

"இனிமே எவன் வந்தாலும் கேட்டு, யோசிச்சு, அப்புறந்தான் பதில்," என்றார் மனைவியிடம். "சாகறதுக்குள்ள ஒண்ணாவது தெரிஞ்சு குடுக்கணும்."

அந்த வாரமே பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத் தலைவர் வீட்டுக்கு வந்தார். கூடவே கூட்டத்துக்கு எடை சேர்க்க ஒரு டீச்சர். படியேறும்போதே தலைவர் டீச்சரிடம், "கெழவர் தலையாட்டுற வரைக்குந்தான் நமக்கு வேலை," என்றார். உள்ளே நாற்காலியில் இருந்த கெழவருக்கு அது தெளிவாகக் கேட்டது.

தலைவர் உட்கார்ந்து பேசத் தெரியாதவர். எழுந்து நின்று, இல்லாத மைக்கைச் சரிசெய்துகொண்டு, வருங்காலத் தலைமுறை, வரலாறு, பொன்னெழுத்து என்று வெகுதூரம் சுற்றி, கடைசியில் பள்ளி வாசலில் ஓர் அலங்கார வளைவில் வந்து இறங்கினார். வளைவின் ஒரு தூணில் வள்ளலின் உருவம். மறு தூண் சும்மா இருந்தால் நன்றாக இராது என்பதால், தலைவரின் உருவம்.

இதற்கிடையில் அறை ஓரத்தில் டீச்சர் முதலாளியின் மனைவியிடம் தாழ்ந்த குரலில் புலம்பிக்கொண்டிருந்தாள். "பொண்ணுங்க கக்கூஸ்ல தண்ணியே வர்றதில்லம்மா. போக பயந்துக்கிட்டு காலையிலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்காம உக்காந்திருக்குதுங்க. தலைவர்கிட்ட சொன்னா, பெரிய மனுஷங்க வீட்டுல பேசற விஷயமா இதுங்கறார்."

"வளைவு வேண்டாம்," என்றார் முதலாளி.

தலைவர் கருணையோடு புன்னகைத்து மனைவி பக்கம் திரும்பினார். "ஐயாவுக்குக் காதுல விழல போலிருக்கு." பிறகு நெருங்கி வந்து, இரண்டு கையாலும் காற்றில் வில் வளைத்துக் காட்டி, "வ...ளை...வு!" என்று கத்தினார். மெஷின் கீச்சென்று அலறியது.

"கேட்டுதுய்யா. வேண்டாம்."

"பாவம், வேற எதையோ நெனச்சுப் பேசறாரு," என்றார் தலைவர்.

ஒன்றும் கேட்காத காலத்தில் எல்லாம் கேட்டதாக வைத்துக்கொண்ட ஊர், கேட்க ஆரம்பித்ததும் அவரைச் செவிடர் ஆக்கிவிட்டது.

முதலாளி ஓரத்துப் பக்கம் திரும்பினார். "டீச்சர், தண்ணி எவ்வளவு நாளா வரல?"

டீச்சருக்குத் தூக்கிவாரிப்போட்டது. தலைவருக்கு அதைவிட. படியில் தாம் சொன்னது நினைவுக்கு வந்து, இல்லாத மைக்கை விட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"மோட்டார் போனதுலேர்ந்துங்கய்யா. போன வருஷம்."

"கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கா?"

"கதவே பாதிதான் இருக்கு. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய புடிச்சுக்கிட்டு நிக்கணும்."

முதலாளி விரல்விட்டு எண்ணினார். "மோட்டார், குழாய், கதவு எல்லாம் என் செலவு. தண்ணி படற எடம், சாதா மரம் உப்பிக்கும். அளவெடுக்க நாளைக்கு நானே வர்றேன்."

சொன்னபின் ஒவ்வொரு வார்த்தையையும் மனசுக்குள் ஒருமுறை சரிபார்த்தார். கேட்டதும் கக்கூஸ், கொடுத்ததும் கக்கூஸ். அந்த வாரத்தில் முதல்முறையாகப் பசித்தது.

தலைவர் தொண்டையைச் செருமினார். பதவி என்று ஒன்று இருக்கிறதே. "நல்ல காரியந்தான். ஆனா திறப்பு விழான்னு ஒண்ணு வச்சா... அந்தக் கல்வெட்டை எங்கன்னு வைக்கறது?"

"உள்பக்கமா வைங்க," என்று மனைவி தனக்குள் முணுமுணுத்தாள். "உக்காந்து நிதானமாப் படிக்கலாம்."

முதலாளி வெடித்துச் சிரித்தார். நாற்காலி ஆடியது. சிரிப்பு அடங்கியதும் மனைவியை உற்றுப் பார்த்தார்.

"இத்தனை வருஷமா இப்படித்தான் பேசிக்கிட்டிருந்தியா நீ?"

"பின்னே?" என்றாள் அவள். "கேக்காதுங்கற தைரியந்தான்."