எட்டு வருடம் தள்ளிப்போட்ட ஆபரேஷன்

விசாகப்பட்டினத்தில் எங்கள் குடியிருப்பில் லட்டுவைத் தெரியாதவர்கள் கிடையாது. எங்கள் பக் நாய், ஒன்பது வயது. சப்பை மூக்கு, நடந்தாலே குறட்டை. ஒரு வயதிலேயே அவளுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்துவிடலாம் என்றாள் என் மனைவி ஹைமாவதி. நான்தான் தடுத்தேன். எதிர்வீட்டு சூர்யகாந்தம் அக்காவின் நாய் ராணியும் பக்தான். அதே ஆபரேஷனில் மயக்கம் தெளியாமலே செத்துப்போயிருந்தது. பக் நாய்க்கு மயக்க ஊசி ஆகாது என்று அக்கா சொன்னதை அப்படியே நம்பினேன்.

"தெரிஞ்சே கொல்லச் சொல்றியா?" என்று ஒவ்வொரு முறையும் ஹைமாவதியின் வாயை அடைத்தேன்.

போன ஜூலையில் லட்டு தண்ணீராகக் குடித்துத் தீர்த்தாள். அவளுக்கு உயிரான பெசரட்டு, அந்தப் பச்சைப்பயறு தோசையைத் திரும்பிப் பார்க்கவில்லை. வயிறு உப்பியது. கொழுப்பு ஏறிவிட்டது என்று சிரித்தேன். மூன்றாம் நாள் காலை அவளால் எழுந்திருக்க முடியவில்லை. சூர்யகாந்தம் அக்காதான் காரை எடுத்தார்.

ஸ்கேன் பார்த்த கால்நடை டாக்டர் நஸ்ரீன் நிமிரவே இல்லை. "கர்ப்பப்பை முழுக்கச் சீழ். இப்பவே எடுத்தாகணும்."

"மயக்க ஊசி இவளுக்கு ஆகாதே டாக்டர்?"

"சின்ன வயசுல, நல்லா இருக்கும்போது பண்ணியிருந்தா பயம் ரொம்பக் கம்மி சார். பக்குன்னா இன்னும் கொஞ்சம் கவனமா இருப்போம், அவ்வளவுதான். இப்ப விஷம் ரத்தத்துல ஏறிடுச்சு. பண்ணினாலும் ஆபத்து. பண்ணலேன்னா பொழைக்காது."

நான் மேசையில் கிடந்த லட்டுவின் காதைத் தடவினேன்.

"காலையில ஏதாவது சாப்பிட்டாளா?" என்றார் டாக்டர். "வயித்துல சாப்பாடு இருந்தா மயக்கத்துல மேல வந்து மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும்."

"அதனாலயா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சூர்யகாந்தம் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வெறும் வயித்தோட கூட்டிட்டு வரச் சொன்னாங்க, தம்முடு. ராணி என் மூஞ்சியையே பாத்துச்சு. மனசு கேக்கல, ரெண்டு இட்லி குடுத்துட்டேன். டாக்டர் கேட்டப்போ இல்லைன்னுட்டேன்."

எட்டு வருடமாக நான் பிடித்துக்கொண்டிருந்த பயம், அந்த இரண்டு இட்லி.

"இவ நேத்துலேர்ந்தே எதுவும் சாப்பிடல டாக்டர்" என்றாள் ஹைமாவதி. "ஏமண்டீ, கையெழுத்துப் போடுங்க" என்று என் பக்கம் திரும்பினாள். போட்ட கையெழுத்தில் என் பெயரே எனக்குப் புரியவில்லை.

இரண்டு மணி நேரம் கழித்து டாக்டர் ஒரு தட்டைக் காட்டினார். விரலளவு இருக்க வேண்டிய கர்ப்பப்பை, என் மணிக்கட்டுப் பருமனில் சுருண்டு கிடந்தது. ஒன்றேகால் கிலோ. லட்டுவின் மொத்த எடையே ஒன்பதுதான். இதைத்தான் கொழுப்பு என்று சிரித்தேன்.

லட்டு பிழைத்தாள். நான்காம் நாள் தயிர்சாதம் நக்கினாள். ஹைமாவதி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்டியிருக்கலாம்.

அக்கா மட்டும் எங்கள் பக்கம் வரவேயில்லை. நானே போய்க் கதவைத் தட்டினேன்.

"என்னால தானே தம்முடு இவ்வளவும்?"

"நீங்க சொன்னதைக் கேட்டேன், சரி. ஒரு டாக்டர்கிட்ட கேக்க எனக்கு என்னக்கா வந்துச்சு, எட்டு வருஷமா?"

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். உள்ளே போகவும் தோன்றாமல், திரும்பிப் போகவும் தோன்றாமல் நான் வாசலிலேயே நின்றேன்.