மடிப் பிள்ளை

எங்கள் எஜமான் குர்வாலுக்குத் திடீரென்று குடும்பப் பாசம் பொங்கிவிட்டது. பாரிசில் பெரிய வீடுகளில் இப்போது அதுதான் மோகம். தகப்பன் கம்பீரமாக நிற்க வேண்டும், தாய் மடியில் பிள்ளையைக் கொஞ்ச வேண்டும், மேலே ரோஜாக்கொடி தொங்க வேண்டும். அப்படி ஒரு படம் வரவேற்பறையில் மாட்டாவிட்டால் இவருக்குத் தலையே போய்விடுமாம்!

படத்துக்குப் பிள்ளை வேண்டுமே? பிறந்த மறுநாளே அதைக் கூலிக்குப் பால் கொடுக்கும் பெரீனிடம் கிராமத்துக்கு அனுப்பியாயிற்று. எல்லாப் பெரிய வீட்டிலும் செய்வதுதான். ஒரு வருஷமாக யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது ஆள் அனுப்பியதும், பெரீன் இரண்டு பிள்ளைகளோடு என் சமையலறையில் வந்து இறங்கினாள். ஒன்று எஜமானுடையது, நோஞ்சான். இன்னொன்று அவள் பெற்றது, கொழுகொழுவென்று இருந்தது. சொந்தப் பிள்ளை பசியில் அழுதால் எந்தத் தாய் அதற்கு முதலில் பால் கொடுக்காமல் இருப்பாள்?

எஜமான் உள்ளே வந்தார். நோஞ்சானைத் தாண்டிப் போய் மற்றதைத் தூக்கினார்.

"பாத்தியா, அப்படியே என் மூக்கு!"

"ஐயா, அது..." என்று பெரீன் வாயெடுத்தாள்.

"வாய மூடு. எனக்குத் தெரியாதா?"

அந்தப் பிள்ளையோடு மாடிக்குப் போய்விட்டார். பெரீன் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அது என் புள்ளக்கா!"

"இங்க நின்னு அழுதா ஆச்சா? மேல போய்ச் சொல்லுடி!" என்று நோஞ்சானை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவளை இழுத்துப் போனேன்.

எஜமானியம்மா நீலப் பட்டில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பெரீன் பிள்ளை. ஓவியர் கரியால் அதன் முகத்தைப் போட்டு முடித்திருந்தார்.

"இனிமே புள்ள இங்கயே வளரட்டும். நல்ல குடும்பம்னா அதுதான்," என்று எஜமான் அவரிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

பெரீனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயா, அது என் புள்ள. உங்க புள்ள இதோ, அக்கா இடுப்புல."

"பெத்த அப்பனுக்கே பாடம் சொல்றியா?"

பெரீன் குரல் கேட்டதுமே மடியில் இருந்த பிள்ளை வழுக்கி இறங்கி, தவழ்ந்து வந்து அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டது. வாரி எடுத்துக்கொண்டாள். "தர மாட்டேன். என்ன வேணா செஞ்சுக்குங்க!"

ஓவியர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். எஜமான் என் இடுப்பில் இருந்ததை ஏற இறங்கப் பார்த்தார். தப்பு என்று ஒப்புக்கொள்கிற ஜன்மமா அது?

"சீ, இது படத்துக்கு ஆகாது. இன்னும் ஒரு வருஷம் ஊர்லயே கெடக்கட்டும். மூஞ்சிதான் வரைஞ்சாச்சே, அது போதும்."

எஜமானியம்மா கையை நீட்டினாள். "ஒரே ஒரு தடவ என்கிட்ட குடேன்."

நான் ஓரடி எடுத்து வைத்தேன்.

"பட்டு அழுக்காயிடும்," என்றார் எஜமான்.

நீட்டிய கை இறங்கிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அத்தனை வர்ணத்தையும் அந்த மனுஷன் தலையில் கொட்டியிருப்பேன். பெரீன் இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

எஜமானியம்மா காலி மடியைக் குனிந்து பார்த்தாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"ஆகா, இதுதான் தாய்ப்பாசம்!" என்று ஓவியர் தூரிகையை எடுத்தார். "அப்படியே இருங்கம்மா, அசையாதீங்க."