பட்டினி போடுகிறார்கள்

துணிக்கடை வாசலில் பைகளைச் சோதிப்பது என் வேலை. பில்லில் இல்லாத ஒரு கைக்குட்டை பையில் இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. அப்பாவி முகம் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது என்பது என் கட்சி. அதனால்தான், ஆபரேஷன் முடிந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த என் தம்பிக்குக் கொடுக்கும் பாலைப் பார்த்ததுமே எனக்கு மூக்கு வேர்த்துவிட்டது.

தம்பிக்கு இரைப்பையில் புண் வந்து, சாப்பாடு கீழே இறங்க வழியில்லாமல் அடைத்துக்கொண்டது. மாதக்கணக்கில் தின்றதையெல்லாம் வாந்தியெடுத்து, எலும்பும் தோலுமாகத்தான் ஆபரேஷனுக்குப் போனான். அடைப்பை வெட்டியெடுத்துத் தைத்துவிட்டு, மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயைக் குடல்வரை இறக்கியிருந்தார்கள். அதில்தான் சத்துப்பால். அதையும் ஒரு சின்ன இயந்திரம் பிச்சை போடுகிற மாதிரி சொட்டுச் சொட்டாக இறக்கியது. பூனைக்குட்டிகூட அதைவிட அதிகமாகக் குடிக்கும்.

"ஏன் சிஸ்டர், மீதிப் பால் டப்பா எல்லாம் எங்க போகுது?" என்று நர்ஸைக் கேட்டேன்.

"அலமாரியிலதான் இருக்குக்கா. மெதுவாத்தான் கொடுக்கச் சொல்லியிருக்காங்க."

சொன்னது யார் என்று விசாரித்தால் டயட்டீஷியன். ஒல்லியாக ஒருத்தி. அவளே சாப்பிடுவதில்லை போலிருக்கிறது, என் தம்பிக்கா கொடுக்கப்போகிறாள்?

"ரொம்ப நாள் சரியா சாப்பிடாத உடம்புக்கா இது. திடீர்னு நிறைய கொடுத்தா ரத்தத்துல இருக்கிற உப்புச்சத்தெல்லாம் சட்டுனு இறங்கிடும். இதயமே தடுமாறும். முதல்ல வைட்டமின் ஊசி போட்டு, கொஞ்சங் கொஞ்சமாத்தான் ஏத்தணும்" என்றாள்.

சாப்பாடு போட்டால் சாவானாம்! 'பைக்குள்ள எப்படி வந்துச்சுன்னே தெரியலை' என்பவர்களைப் பார்த்துச் சிரிப்பேனே, அதே சிரிப்பை அவளுக்கும் கொடுத்தேன்.

தம்பி பொண்டாட்டி எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். வாயே திறக்காதவள், சரியான ஊமைக்கோட்டான். புருஷன் பிழைத்தால் என்ன, போனால் என்ன என்று இருக்கிறாளோ என்றுகூட நினைத்தேன். அவள் முகம் கழுவப் போன நேரத்தில் அவள் பையைத் துழாவினேன். ஒரு சீப்பும், துண்டும், பாதி தின்ற ரொட்டியும் இருந்தன. பால் டப்பா இல்லை. அதற்காக என் சந்தேகம் போய்விடவில்லை.

வீட்டுக்கு வந்தால் என் கணவரிடம்தான் கொட்டுவேன். "பட்டினி போட்டே கொன்னுடுவாங்க. நம்மளை மாதிரி ஆளுங்களைக் கேக்க நாதியில்லைன்னு நினைப்பு!"

அவர் தட்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருப்பார். என் தம்பி என்றால் அவருக்கு உயிர். மாமனும் மச்சானும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தால் அடுப்படியில் எனக்கு மிஞ்சாது. நான் சந்தேகப்படாத ஒரே மனிதர் அவர்தான்.

அந்த வாரக் கடைசியில் தம்பிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சர்ஜன், நர்ஸ், டயட்டீஷியன் என்று கட்டிலைச் சுற்றி ஒரே கூட்டம். கணவர் வெளியிலேயே நின்றுவிட்டார். தம்பியின் பாதம் வீங்கியிருந்தது. நாடித்துடிப்பு தாறுமாறாக ஓடியது.

"உள்ள போட்ட தையல் விட்டுப்போச்சோன்னு பயமா இருக்கு" என்றார் சர்ஜன், தம்பி பொண்டாட்டியிடம். "திரும்பத் திறந்து பாக்கவேண்டி வரும். ஆனா இன்னொரு ஆபரேஷனை இந்த உடம்பு தாங்குமான்னு சொல்ல முடியாதும்மா."

பிறகு நர்ஸின் பக்கம் திரும்பினார். "சர்க்கரை ஏன் இப்படி ஏறியிருக்கு? மெஷின் வேகத்தைக் கூட்டினீங்களா?"

"இல்லை டாக்டர், நான் தொடவேயில்லை." அவளுக்கு அழுகை முட்டியது.

எனக்குப் பயம் ஒரு பக்கம் இருந்தாலும், சொன்னேனா இல்லையா என்று ஒரு திருப்தியும் இருந்தது. கணவரிடம் சொல்ல வராந்தாவுக்கு ஓடினேன். அவர் பெஞ்சில், மடியில் ஃபிளாஸ்க்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மாட்டிக்கிட்டா அந்த நர்ஸு!"

"அவ இல்லை" என்றார். "நான்தான்."

எனக்குப் புரியவில்லை.

"சாயங்காலம் நான் தனியாப் பாக்க வர்றப்பல்லாம் திரையை இழுத்துவிட்டுட்டு, சர்க்கரை கரைச்ச பால் கொடுத்தேன். குழாயில தண்ணி விடுற சிரிஞ்சு பக்கத்துலயே இருக்கும். நீ தினம் அழுதியே, பட்டினி போடுறாங்கன்னு. மச்சான் பசியில கிடக்குறான்னு நினைச்சா எனக்குச் சோறே இறங்கலை."

 வாயை மூடிக்கொள், பழி நர்ஸ் தலையிலேயே இருக்கட்டும் என்றுதான் முதலில் தோன்றியது. மறைக்க மாட்டேன், அப்படித்தான் தோன்றியது. ஆனால் உள்ளே என் தம்பியின் வயிற்றை மறுபடி கிழிக்கப்போகிறார்கள்.

திரும்ப உள்ளே போனேன். "டாக்டர், தையல் விட்டுப்போகாம இருக்கலாம். எங்க வீட்டுக்காரர் குழாயில சர்க்கரைப் பால் ஊத்தியிருக்காரு. பட்டினி போடுறாங்கன்னு அவரை ஏத்திவிட்டது நான்தான்."

"எவ்வளவு?" என்றாள் டயட்டீஷியன். பின்னாலேயே வந்திருந்த கணவர் ஃபிளாஸ்க்கைத் தூக்கிக் காட்டினார். அவள் முகம் வெளுத்தது. "டாக்டர், ரத்தத்துல பாஸ்பேட் உப்பு பாத்த ரிசல்ட் வரட்டும். அதுக்கு முன்னாடி தயமின் வைட்டமின் ஊசி போட்டுடலாம்."

"ஆபரேஷன் இப்ப வேண்டாம். முதல்ல ஸ்கேன்" என்றார் சர்ஜன். மருந்தெடுக்க ஓடியவள் அந்த நர்ஸ்தான். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்ட அவர்களுக்கு நேரமில்லை.

ஸ்கேனில் தையல் பத்திரமாக இருந்தது. ரத்தத்தில் உப்புச்சத்துதான் பாதாளத்துக்குப் போயிருந்தது. அதை நரம்பு வழியாக ஏற்ற ஏற்ற, மறுநாள் நாடி ஒழுங்குக்கு வந்தது. தம்பி கண் திறந்து, மாமா எங்கே என்று கேட்டானாம்.

தம்பி பொண்டாட்டி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். என் கணவர் தலை நிமிரவில்லை.

"அண்ணா, உள்ள வாங்க. உங்களைத்தான் கேக்குறாரு" என்றாள். நானும் எழுந்தேன்.

"நீங்க வேண்டாம் அண்ணி" என்று சொல்லிவிட்டு, அவரை மட்டும் அழைத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.