முன்னுக்கு வந்த பின்பெஞ்சு

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் என் வாயில் மிச்சம் இருக்கும் பல்லும் இன்றைக்கே உதிரட்டும். ஆலயத்து மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். கயிறு அறுந்து பல காலம் ஆகிறது என்பது வேறு விஷயம். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

அந்தச் சபையில் எல்லோரும் கடைசி பெஞ்சில்தான் உட்காருவார்கள். கடைசி பெஞ்சில் இடம் இல்லாவிட்டால் அதற்கு முந்தினது, அதுவும் நிறைந்தால் வாசற்படி, வாசற்படியும் நிறைந்தால் வீடு. அப்படி வீட்டுக்குத் திரும்பிப் போய் அப்படியே நின்றுவிட்டவர்கள் தெரு முழுக்க இருந்தார்கள். முன்னால் பெஞ்சுகள் வரிசை வரிசையாகக் காலியாகக் கிடந்தன. அங்கே ஒரு பூனை குட்டி போட்டு, அந்தக் குட்டி வளர்ந்து அதுவும் குட்டி போட்டு, முன்வரிசையில் தவறாமல் ஆராதனைக்கு வரும் குடும்பம் என்று பார்த்தால் அது ஒன்றுதான்.

பிரசங்க மேடைக்கும் ஜனங்களுக்கும் நடுவே அத்தனை தூரம். போதகர் ஆரம்பத்தில் ஒரு வேடிக்கை சொன்னால், அது மெதுவாகப் பின்னால் போய்ச் சேர்ந்து ஜனங்கள் சிரிக்கிற நேரத்தில் அவர் மரணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். அதனால் வேடிக்கை சொல்வதை விட்டார். பிறகு பிரசங்கத்தை மாற்றுவதையும் விட்டார். கேட்காத பிரசங்கத்தை மாற்றி என்ன ஆகப்போகிறது? வருஷக்கணக்காக ஒரே பிரசங்கம். தலைப்பு பொறுமை. ஜனங்களும் பொறுமையாகவே இருந்தார்கள்.

ஒரு வருஷக் கடைசியில் பேராயர் நேரில் வந்தார். காலி பெஞ்சுகளைப் பார்த்தார். பூனையைப் பார்த்தார். பூனையும் அவரைப் பார்த்தது. ஆராதனை முடிந்ததும், தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சாந்தமாகச் சொன்னார்.

"அடுத்த வருஷக் கடைசியில மறுபடி வருவேன். சபைக்கு உயிர் இருந்தா சந்தோஷம். இல்லேன்னா கதவைப் பூட்டிட்டு உங்க எல்லாரையும் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற சபையோட சேர்த்துருவேன். அங்க பாட்டுக் குழுவை நடத்துற அம்மா ரொம்பத் திறமைசாலி. நீங்களும் போய்ப் பாடலாம்."

எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். இந்தச் சபையின் பாட்டுக் குழுவை நடத்திவந்த தையல்காரம்மா மட்டும் மூச்சே விடவில்லை. அந்தத் திறமைசாலி அம்மா அவளுடைய கூடப் பிறந்த தங்கச்சி.

சின்ன வயதில் இருவரும் ஒன்றாகப் பாடியவர்கள். அக்கா மேல் குரல், தங்கச்சி கீழ்க் குரல். ஒருநாள், நிறைந்த சபையில், பாட்டின் நடுவில், தங்கச்சி பாட்டுப் புத்தகத்தால் அக்காவின் தோளில் தட்டி, "அக்கா, தாளத்தை விட்டு ஓடாத" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். தங்கச்சி கல்யாணமாகிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போனதிலிருந்து தையல்காரம்மா அந்தப் பாலத்தில் கால் வைத்ததில்லை. துணிக் கடைத்தெரு அந்தப் பக்கம்தான். அதற்கு அவள் படகில் போய் வந்தாள்.

அன்று வீட்டுக்கு வந்து தையல் மெஷினைப் பார்த்துச் சொன்னாள். "அவ கை அசைப்பா, நான் வாய் திறக்கணுமா? ஆத்துல குதிக்கலாம்."

நீச்சல் தெரியும் என்பது நினைவுக்கு வந்ததும் வேறு வழி தேட ஆரம்பித்தாள்.

புது வருஷம் பிறந்ததும் ஆலயத்தை ஒட்டிய சின்ன அறையில் கமிட்டி கூடியது. வரும் ஆண்டில் சபையைப் புதுப்பிப்பது எப்படி என்பதுதான் பேச்சு. ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் தலைமை. அறையில் இருந்த ஒரே கைநாற்காலி அவருக்கு; மற்றவர்கள் ஹார்மோனியப் பெட்டி, மடக்கு ஸ்டூல், ஜன்னல் விளிம்பு என்று கிடைத்ததில் உட்கார்ந்தார்கள்.

"சுவருக்கு வெள்ளை அடிப்போம்," என்றார் போதகர்.

"கலரை முடிவு பண்ண ஒரு துணைக்குழு போடுவோம்," என்றார் ஹெட்மாஸ்டர்.

"நல்ல ஸ்பீக்கர் வாங்குவோம்," என்றார் தபால்காரர்.

"அதுக்கும் ஒண்ணு போடுவோம்."

தையல்காரம்மா கையில் இருந்த துணியைக் கீழே வைத்தாள். அவள் கமிட்டிக்கு வந்தாலும் பொத்தான் தைத்துக்கொண்டுதான் இருப்பாள். "சார், வெள்ளை அடிச்சா பூனைக்குத்தான் நல்லா இருக்கும். ஆளு முன்னால வந்து உட்காரணும். அதுக்கு வழி சொல்லுங்க."

எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் மற்றவர்கள் முன்னால் வரவேண்டும் என்று ஒத்துக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிறு போதகர் அன்பாக அழைத்தார். யாருக்கும் கேட்கவில்லை. அதற்கடுத்த வாரம் முன்னால் புது மின்விசிறி மாட்டினார்கள். ஜனங்கள் பின்னால் இருந்தபடி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, நல்ல காற்று வருகிறது போலிருக்கிறது என்று பூனையைப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். பிறகு பின்பெஞ்சுகளைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். கயிற்றுக்குப் பின்னால் சுவரோரமாக எல்லோரும் நின்றே ஆராதித்தார்கள்; கயிற்றை அவிழ்க்க வேண்டியதாயிற்று.

தையல்காரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் தபால்காரரைப் பிடித்தாள்.

"அண்ணே, ஊரெல்லாம் நடக்கிற காலு, இங்க நாலு அடி முன்னால வராதா?"

"அது வேலைம்மா. இது எங்க அப்பா உட்கார்ந்த இடம். இந்த பெஞ்சை விட்டு நான் எழுந்திரிக்க மாட்டேன். பெஞ்சோட சேர்த்து என்னை முன்னால கொண்டுபோய் வச்சா உண்டு."

தையல்காரம்மா உடுப்புக்கு அளவெடுக்கிற மாதிரி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பெஞ்சைப் பார்த்தாள்.

சனிக்கிழமை மதியம் கொழுந்தனைக் கூட்டிக்கொண்டு ஆலயத்துக்குப் போனாள். கொழுந்தன் தச்சர். பெரிய உடம்பு, சின்ன மனச்சாட்சி. ஆனால் இருக்கிற மனச்சாட்சி அடிக்கடி குத்தும்.

"அண்ணி, இது ஏமாத்து வேலை இல்லையா?"

"என்ன ஏமாத்து? பெஞ்சோட கொண்டுபோய் வைன்னு அவரே வாயால கேட்டாரு."

"அப்ப ஒரேயடியா மேடை வரைக்கும் தள்ளிடலாமே."

"டேய், இறுக்கமான சட்டையைத் தளர்த்தறதுன்னா கொஞ்சம் கொஞ்சமா விடணும். ஒரேயடியா விட்டா போட்டுக்கிட்டவனுக்குத் தெரிஞ்சுரும். வாரத்துக்கு ஒரு சாண். அவ்வளவுதான்."

பெஞ்சுக் கால்களுக்கு அடியில் அவள் வெட்டுத் துணியை ஒட்டினாள். கொழுந்தன் தரையில் மெழுகுவர்த்தித் துண்டைத் தேய்த்தார். மேடைக்குப் பக்கத்தில் இருந்த காலி பெஞ்சைத் தூக்கிப் பின்னால் போட்டுவிட்டு, மற்றதை எல்லாம் ஒரு சாண் முன்னால் தள்ளினார்கள். மறுநாள் ஜனங்கள் வந்தார்கள், அவரவர் பெஞ்சைத் தேடிப்பிடித்து உட்கார்ந்தார்கள், தூங்கினார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

இப்படியே வாராவாரம். மழையென்றும் பார்க்கவில்லை, வெயிலென்றும் பார்க்கவில்லை. நடுவில் கொழுந்தனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. "அண்ணி, இந்த வாரம் விட்டுருவோம்," என்று பாயில் படுத்தபடி முனகினார்.

"ஒரு வாரம் விட்டா தையல் விட்டுப்போகும்," என்று சொல்லிவிட்டு அவள் தனியாகவே போனாள். வருஷக்கணக்காக மெஷின் மிதித்த கால் அது. தரையில் உட்கார்ந்து, சுவரில் முதுகைச் சாய்த்து, கடைசி பெஞ்சை உள்ளங்காலால் ஒரே மிதி. முன்னால் இருந்த பெஞ்சு அத்தனையும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஒழுங்காகப் போய் நின்றன. பூனை மட்டும் எழுந்து இடம் மாறியது.

இங்கேதான் அவள் எதிர்பாராத ஒன்று நடந்தது. கடைசி பெஞ்சு முன்னால் நகர நகர, கதவோரம் காலி பெஞ்சுகள் சேர்ந்தன. இடமில்லாமல் வீட்டோடு நின்றுவிட்டவர்கள் தெருவில் போகும்போது எட்டிப் பார்த்தார்கள். கடைசி பெஞ்சு காலியாக இருக்கிறது! யார் விடுவார்கள்? பேக்கரிக்காரர் குடும்பத்தோடு வந்து பிடித்தார். ஆஸ்பத்திரி நர்ஸ் வேலை முடிந்த உடுப்போடு ஓடி வந்தாள். ஒருமுறை உட்கார்ந்தால் அது அவர்கள் பெஞ்சு. அப்புறம் சனிக்கிழமை அதுவும் ஒரு சாண் போகும். பின்னால் இன்னொரு காலி பெஞ்சு விழும். அதற்கு வேறு ஆள் வரும்.

வருஷத்தின் நடுவில் தபால்காரருக்குக் கண் தெளிந்துவிட்டது. போதகரின் மூக்கில் மரு இருப்பது தெரிகிறது, இது ஜெபத்தின் பலன் என்று ஊரெல்லாம் தபாலோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தார். காது மந்தமான ஒரு பெரியம்மாவுக்குத் திடீரென்று பிரசங்கம் கேட்டது. கேட்டதும் கோபமாகப் போதகரிடம் போனாள்.

"ஏன் ஐயா, போன வாரம் சொன்னதையே இந்த வாரமும் சொல்றீங்க?"

போதகர் அன்று ராத்திரி சாப்பிடவில்லை என்று கேள்வி. அடுத்த ஞாயிறு புதுப் பிரசங்கம். நடுவில் பயந்துகொண்டே ஒரு வேடிக்கை சொன்னார். சொன்ன கையோடு சிரிப்பு வந்தது. மனுஷன் அப்படியே மேடையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஹெட்மாஸ்டருக்கு மட்டும் சந்தேகம். குடை மாட்டுவதற்கு அவர் கைக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு ஜன்னல் கம்பி இருக்கும். அது இப்போது முதுகுக்குப் பின்னால் எங்கோ இருந்தது. கமிட்டியில் எழுந்து கம்பீரமாகச் சொன்னார்.

"நான் நல்லா கவனிச்சுட்டேன். நம்ம கட்டடம் பின்னால நகருது."

"பழைய கட்டடம் சார்," என்றார் மடக்கு ஸ்டூலைச் சரிசெய்ய வந்திருந்த கொழுந்தன், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். "வயசானா எதுவும் கொஞ்சம் பின்வாங்கும்."

அதற்கும் ஒரு துணைக்குழு போடப்பட்டது.

வருஷக் கடைசி ஞாயிறு. பேராயர் வருகிற நாள். முந்தின நாள் மதியம் தையல்காரம்மா ஆசை மிகுந்து ஒரு சாணுக்குப் பதிலாக ஒரு முழம் மிதித்துவிட்டாள். தபால்காரரின் பெஞ்சு மேடைப் படியில் போய் முட்டி நின்றது. எவ்வளவு இழுத்தும் திரும்பி வரவில்லை. முன்னால் போகப் பழகிய பெஞ்சு, பின்னால் வர மறுத்துவிட்டது. பாட்டுக் குழு நிற்கும் இடம் போயே போய்விட்டது.

காலையில் பேராயர் உள்ளே நுழைந்து அப்படியே நின்றார். மேடை முதல் கதவு வரை தலைகள். பூனைக் குடும்பம்கூட ஜன்னல் விளிம்புக்குப் போயிருந்தது. அவருக்குப் பின்னால், இணைப்பு நிச்சயம் என்று நம்பி அவர் அழைத்து வந்திருந்த அக்கரைச் சபையின் பாட்டுக் குழு. அதற்கு முன்னால் தங்கச்சி, அதே பாட்டுப் புத்தகத்தோடு. அவர்களுக்குக் கதவோரம் கடைசி பெஞ்சு ஒன்றுதான் மிச்சம் இருந்தது. உட்கார்ந்தார்கள்.

"பாட்டுக் குழு எங்கே?" என்று பேராயர் கேட்டார்.

தையல்காரம்மா நடுப்பாதையில் நின்றாள். நிற்க வேறு இடம் இல்லை. இத்தனை தள்ளியும் பாட்டு சொதப்பினால் எல்லாம் போச்சு.

"எல்லாருமே குழுதான் ஐயா," என்று சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினாள்.

பாடினார்கள். குழுவும் ஜனங்களும் ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்கிற தூரத்தில் நின்று அந்தச் சபை பாடி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. தபால்காரரின் கரகரப்பும் நர்ஸின் கீச்சுக் குரலும் சேர்ந்து மேலே போயின. கீழ்க் குரல்தான் இல்லை. இரண்டாவது அடியில், கதவுப் பக்கத்திலிருந்து அது வந்தது. தையல்காரம்மா திரும்பிப் பார்க்கவில்லை; யார் குரல் என்று தெரியும். திரும்பாமலேயே கையைக் கொஞ்சம் நிதானமாக அசைத்தாள். கொஞ்சம்தான்.

பேராயர் முடிவைச் சொல்ல வெகு நேரம் எடுக்கவில்லை. பூட்டுவது இந்தக் கதவு இல்லை என்றார். இரண்டு சபையும் சேர்வதானால் இங்கேயே சேரட்டும் என்றார்.

கூட்டம் கலைந்தபோது தங்கச்சி பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

"அக்கா, ஓடலையே நீ இன்னைக்கு."

"வயசாச்சுடி. மூச்சு வாங்குது."

"இந்தக் கடைசி பெஞ்சு எனக்கு வசதியா இருக்கு. இங்கேயே ஒரு ஓரமா இருந்துக்கறேன். முன்னால வா, குழுவை நடத்துன்னு கூப்பிடாத."

"யாருடி கூப்பிட்டா? உட்காரு. உன் இடம்டி அது," என்றாள் தையல்காரம்மா. பிறகு கொழுந்தனைப் பார்த்தாள். அவர் இடுப்பைத் தடவிக்கொண்டே, சனிக்கிழமை வருகிறேன் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

அந்த ஆலயத்துப் பெஞ்சுகள் எல்லாம் கருங்கல். கட்டும்போதே தரையோடு சேர்த்துப் பதித்தவை.