அப்பாவைக் கேட்க அம்மாவின் கையெழுத்து

என் தம்பி அமெரிக்காவில் தோன்றிய மார்மன் என்ற கிறிஸ்தவச் சபையில் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. நான் சேரவில்லை, சேரப்போவதும் இல்லை. ஆனால் அவனுக்காக ஊரோடு மல்லுக்கட்டுவது மட்டும் அக்கா என் தலையில்தான் விடிகிறது.

பழைய துணியை அளவுக்குத் தகுந்தபடி பிரித்துத் தைக்கும் கடை என்னுடையது. அளவெடுக்கும் நேரத்தில் மனிதர்களுக்கு வாய் சும்மா இருக்காது. பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரர், உங்கள் தம்பிக்கு எத்தனை பொண்டாட்டி என்று ஆரம்பிப்பார். அதைச் சபை விட்டு நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது, இப்போது இன்னொன்று கட்டினால் வெளியே அனுப்பிவிடுவார்கள், இவனுக்கு முதல் ஒன்றுக்கே வழியைக் காணோம் என்பேன். அவர்கள் வேதம் எழுதியிருந்ததாகச் சொல்லும் தங்கத் தகட்டை யார் கண்டார்கள் என்பார். கண்டதாகப் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், உங்கள் கல்யாணத்துக்கே இரண்டு பேர்தானே சாட்சி என்பேன். கடவுளுக்குக் கொடுத்த வாக்கின் அடையாளமாக அவர்கள் போடும் உள்ளாடையைச் சொல்லி இளித்தபோது மட்டும் என் கையில் குண்டூசி இருந்தது. "உங்க கல்யாண மோதிரத்தைப் பார்த்து நான் சிரிச்சேனா?" என்று கேட்டேன். மனிதர் அன்றைக்குப் பேன்ட் வாங்காமலே போய்விட்டார்.

இதையெல்லாம் நான் நம்புகிறேனா என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பேன். பதில்கள் தம்பி சொல்லிக்கொடுத்தவை. என் தம்பியை நான் திட்டலாம், அடுத்தவன் திட்டக்கூடாது, அவ்வளவுதான்.

செத்தவர்களுக்குக்கூட ஞானஸ்நானம் கொடுக்கிறார்களாமே என்று ஒரு வாத்தியார் கேட்டார். அதற்கும் பதில் இருந்தது. செத்தவருக்குப் பதிலாக உயிரோடு இருப்பவர் ஒருவர் தண்ணீரில் மூழ்கி எழுவார், அது வெறும் அழைப்பு, பிடித்தால் ஏற்கலாம், பிடிக்காவிட்டால் மாட்டேன் என்று சொல்லிவிடலாம், யாரையும் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ப்பதில்லை என்றேன். வாத்தியாரே தலையாட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

போன வாரம் தம்பி கடைக்கு ஒரு தாளோடு வந்தான். இரண்டு வருடத்துக்கு முன் போன அப்பாவின் பெயரை இந்த ஞானஸ்நானத்துக்குக் கொடுத்திருக்கிறான். மகன் கொடுத்தால் போதும் என்று நினைத்துவிட்டானாம். மனைவி உயிரோடு இருக்கும்போது மனைவியின் சம்மதம் இல்லாமல் முடியாது என்று சபையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மாவிடம் நான் பேசி வாங்கித் தர வேண்டுமாம்.

எனக்கு வந்த கோபத்தில் தையல் மிஷினை நிறுத்தக்கூடத் தோன்றவில்லை. அப்பா யார்? இவன் சபையில் சேர்ந்த நாளிலிருந்து சாகும்வரை, முழுசாக நான்கு வருடம், இவனோடு ஒரு வார்த்தை பேசாதவர். ஒரே மேஜையில் உட்கார்ந்துகொண்டு, "உன் பிள்ளைக்கு உப்பு வேணுமான்னு கேளு" என்று அம்மாவிடம் சொல்வார். அம்மா இவனிடம் கேட்பாள். இவன் அம்மாவிடம் வேண்டாம் என்பான். அந்த மனிதரை அவருடைய பெயரைச் சொல்லித் தண்ணீரில் இறக்குவதா?

"உனக்கு மனசாட்சி இருக்காடா?" என்றேன்.

அது வெறும் அழைப்புதான், அப்பா மாட்டேன் என்று சொல்லலாம் என்றான். வாத்தியாரிடம் நான் சொன்ன அதே வார்த்தைகள். அன்றைக்கு நியாயமாகப் பட்டது இன்றைக்கு ஏன் நெஞ்சை அறுக்கிறது என்று எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. திட்டிக்கொண்டேதான் அவனை வீட்டுக்கு அழைத்துப் போனேன்.

அம்மா எனக்கு டீயும் அவனுக்குப் பாலும் வைத்தாள். டீ அவன் சபைக்கு ஆகாது. நான் சொல்லத் தொடங்கி, பாதியில் உளறி, கடைசியில் அவனே சொல்லி முடித்தான். அவருக்குப் பதிலாகத் தானே மூழ்கி எழப்போவதாகச் சொன்னான். அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அவர் வேண்டாம்னு சொல்லலாமா?"

"சொல்லலாம்மா."

நான் விடவில்லை. "சொல்லிட்டாருன்னு உனக்கு எப்படிடா தெரியும்?"

எத்தனையோ கேள்விக்குப் பதில் வைத்திருந்தவன் பால் டம்ளரைத் தள்ளி வைத்தான். பால் ஆறி ஏடு கட்டியிருந்தது.

"தெரியாதுக்கா" என்றான்.

சரி, அம்மா தாளைக் கிழிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். கிழித்தால் அவன் தாங்கமாட்டான், கிழிக்காவிட்டால் நான் அப்பாவுக்குத் துரோகம் செய்தவள். எது நடந்தால் நல்லது என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அம்மா என் கைப்பையிலிருந்த பேனாவை எடுத்தாள்.

"நாலு வருஷம் நடுவுல நின்னு நான் சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன். வேண்டாம்னாலும் அதை அவரே இவன்கிட்ட நேரா சொல்லிக்கட்டும்."

கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆறிய பாலைச் சூடுபண்ண எடுத்துக்கொண்டு போனாள்.