அடியோடு போயிடும்

லாரி டிரைவரின் பல் தெறித்து மஞ்சள் பாத்தியில் விழுந்தது. கிணற்றுக்காரன் சின்னண்ணன் அதோடு விடவில்லை. கவிழ்ந்து கிடந்த லாரியின் சக்கரத்தில் அவனைச் சாய்த்து வைத்துக் கை ஓயும்வரை அறைந்தான். லாரியிலிருந்து உருண்ட பீப்பாய்கள் ரோட்டோரக் கிணற்றுக்குள் விழுந்து உடைந்து, உள்ளே இருந்த குரூடாயில் எண்ணெய் அத்தனையும் கொட்டியிருந்தது. தார் போட்டு மெழுகியதுபோல் கிணறு முழுக்க ஒரே கறுப்பு. அண்ணன் மயில்சாமி ஓடிவந்து தம்பியின் இடுப்பைக் கட்டி இழுத்த பிறகுதான் அடி நின்றது. டிரைவர் வாயைப் பொத்திக்கொண்டு சோளக்காட்டுக்குள் ஓடினான்.

நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகும் வழியில் அண்ணன் தம்பி இருவருக்கும் இருந்த ஒரே கிணறு அது. 1967ஆம் வருஷத்து ஆவணி. மழை ஏமாற்றிவிட்டது. முழங்கால் உயரம் வளர்ந்த மஞ்சள் தலை தொங்கி நின்றது. இந்த வாரம் தண்ணீர் பாயாவிட்டால் காடே சருகு. அதை அங்கே யாரும் யாருக்கும் எடுத்துச் சொல்லவில்லை. சின்னண்ணனின் கையே சொல்லிவிட்டது.

மயில்சாமியின் மனைவி செல்லாயி மறுநாள் காலையிலேயே வேலையைத் தொடங்கிவிட்டாள். வைக்கோலைக் கட்டுக் கட்டாகக் கயிற்றில் இறக்கி, எண்ணெயில் ஊறவிட்டு, மேலே இழுத்துப் போட்டாள். கை, முகம், சேலை எல்லாம் கறுப்பு. எண்ணெய் குறையத்தான் செய்தது. ஆனால் மெதுவாக. எண்ணெய் மிச்சமிருக்கும்போது எஞ்சினை ஓட்டினால் தண்ணீர் இறங்க இறங்கக் குழாய் அதையும் இழுத்துக் காட்டில் கொட்டிவிடும். பொறுமை என்ற சரக்கு சின்னண்ணனிடம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

அன்று மத்தியானம் ஞானதாஸ் ஒரு வேனில் மூட்டைகளோடு வந்து இறங்கினார். சேலத்துக் கல்லூரியில் ரசாயனம் சொல்லிக்கொடுப்பவர். அந்த வருஷம் சீமைக் கடலில் பெரிய எண்ணெய்க் கப்பல் ஒன்று பாறையில் மோதி உடைந்து, கரையெல்லாம் கறுத்து, பறவைகள் செத்து ஒதுங்கின. பேப்பரில் அதைப் படித்த நாளிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லை. சேலத்து வெள்ளைக்கல்லை மாவாக அரைத்து, கண்ணாடித் தொட்டியில் மிதக்கும் எண்ணெய் மேல் தூவிப் பார்த்தார். மாவு எண்ணெயைப் பிடித்துக்கொண்டு மூழ்கியது. தண்ணீர் பளிச்சென்று ஆனது. இனிக் கடலில் செய்து காட்ட வேண்டும். சேலத்தில் கடலுக்கு எங்கே போவது? கிணற்றுச் செய்தி கேட்டதும் மனுஷன் மகிழ்ச்சியோடு கிளம்பினார். ஆமாம், மகிழ்ச்சியோடுதான். ஒருவன் வயிறு எரியும் இடத்தில் தன் ஆராய்ச்சிக்கு வழி பிறந்துவிட்டது என்று நினைப்பவரை நான் வேறு எப்படிச் சொல்வது?

கூடவே, சேலத்துக்கு இதே விஷயமாக வந்திருந்த கப்பல் கம்பெனி அதிகாரி கோதண்டபாணியையும் காரில் வரச் சொல்லியிருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, தங்க பிரேம் போட்ட மூக்குக்கண்ணாடி.

"இந்த மாவு எண்ணெயப் புடிச்சுக்கிட்டு அடிக்குப் போயிடும்" என்றார் ஞானதாஸ்.

மயில்சாமி காதில் விழுந்தது வேறு. "அடியோட போயிருங்களா சாமி?"

ஞானதாஸ் திகைத்தார். அடிக்கு என்றால் கீழே. அடியோடு என்றால் ஒன்றுமே மிச்சமில்லாமல். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் தெரிந்த வித்தியாசம் இது. கண்ணாடித் தொட்டியின் அடியில் கறுப்புச் சேறு படிந்ததையும், அதில் விட்ட கெண்டைக்குஞ்சுகள் வெள்ளை வயிறு காட்டிச் செத்ததையும் அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். திருத்திச் சொல்ல வாயெடுத்தார். கோதண்டபாணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"போயிடும்" என்றார் ஞானதாஸ்.

"ஏனுங்க, வைக்கப்புல்லுலயே பாதி வந்திருச்சுங்க. இன்னும் ரெண்டு நாள் பொறுத்தா..." என்று செல்லாயி இழுத்தாள்.

"நீங்க சும்மா இருங்க நங்கையா" என்று சின்னண்ணன் அண்ணியை அதட்டி, கரையில் கிடந்த வைக்கோல் கட்டை எட்டி உதைத்தான். "படிச்சவரு சொல்றாருல்ல? கொட்டுங்க வாத்தியாரே."

கொட்டினார்கள். கிணற்றுக்குள் வெள்ளைப் புகை எழும்பி அடங்கியது. கறுப்பு முதலில் சாம்பல் நிறமானது, பிறகு திட்டுத் திட்டாகப் பிளந்து மூழ்கியது. பொழுது சாய்வதற்குள் தண்ணீரில் வானம் தெரிந்தது. செல்லாயி கறுத்த கைகளைக் கூப்பிக்கொண்டு அழுதாள். மயில்சாமி ஞானதாஸின் காலைத் தொடக் குனிந்தார். கோதண்டபாணி கை குலுக்கி, "அடுத்தது கடல்தான், ப்ரொபசர்" என்றார். ஞானதாஸின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

சின்னண்ணன் ஆயில் எஞ்சினின் ஹேண்டிலைச் சுற்றினான். எஞ்சின் உறுமிப் பிடித்தது. ஞானதாஸ் அப்போதுதான் தண்ணீர் உறிஞ்சும் குழாயைப் பார்த்தார். கோடையில் தண்ணீர் கீழே போனதால் அதன் வாயைக் கிணற்றுத் தரை வரைக்கும் இறக்கி வைத்திருந்தார்கள்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!"

எஞ்சின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? முதலில் குழாயில் நின்றிருந்த தெளிந்த தண்ணீர் வந்தது. செல்லாயி ஒரு கை ஏந்திக் குடித்தாள். பிறகு குழாய் இருமியது. கரும் தயிர்போல ஒரு சேறு கட்டி கட்டியாகக் கக்கி வாய்க்காலில் விழுந்து, மடை திறந்திருந்த மஞ்சள் பாத்திகளுக்குள் பாய்ந்தது. சின்னண்ணன் எஞ்சினை அடக்குவதற்குள் பாதிக் காடு கறுத்துவிட்டது.

அவன் ஹேண்டிலை உருவிக்கொண்டு வந்து வீசினான். தடுக்க நீட்டிய ஞானதாஸின் இடது மணிக்கட்டு விறகு முறிவதுபோல முறிந்தது. அடுத்த வீச்சு தலைக்குத்தான் போனது. நடுவில் மயில்சாமி பாய்ந்தார். இரும்பு அவர் பின்மண்டையில் விழுந்தது. தள்ளாடி, இரண்டெட்டு பின்னால் வைத்து, கிணற்றுக்குள் போனார்.

"அண்ணா!" என்று சின்னண்ணன் அலறிய அலறல் இருக்கிறதே, அது மனுஷச் சத்தமாகவே இல்லை.

ஞானதாஸ் ஒற்றைக் கையோடு குதித்தார். கண்ணைத் திறந்தால் எரிந்தது. தரையில் இடுப்பளவு கொழகொழப்பு. தாம் கீழே அனுப்பிய அத்தனையும் அங்கேதான் இருந்தது. அதற்குள் துழாவி ஒரு வேட்டி முனையைப் பிடித்தார். சின்னண்ணனும் குதித்து வந்து மறுபுறம் தூக்கினான். கிணற்றுப் படிக்கட்டில் கிடத்தியதும் மயில்சாமி கறுப்பாக வாந்தி எடுத்தார். காதோரம் ரத்தம் வழிந்தது. கண் திறந்து ஞானதாஸைப் பார்த்தார்.

"அடியோட போயிருச்சுங்களா சாமி?"

குத்தலாகக் கேட்கவில்லை. அடிபட்ட மண்டைக்குள் பொழுது இன்னும் மத்தியானமாகவே நின்றுவிட்டது.

"இல்லீங்க" என்றார் ஞானதாஸ். "அடிக்குத்தான் போச்சு. எனக்கு முன்னாடியே தெரியும்."

சின்னண்ணன் அவர் கழுத்தைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கினான். ஞானதாஸ் திமிறவில்லை. செல்லாயி படியிறங்கி ஓடிவந்து கொழுந்தன் தலைமயிரைப் பற்றி இழுத்தாள். "ஏற்கெனவே ஒரு உசுரு ஊசலாடுது! உடுடா! மொதல்ல உங்கண்ணனத் தூக்கு!"

மேலே மயில்சாமியைக் கட்டிலில் போட்டு, வைத்தியரைக் கூட்டிவர ஆள் ஓடியது. கோதண்டபாணி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார். நனைந்து கறுத்து நடுங்கிக்கொண்டு வந்த ஞானதாஸின் காதோரம் குனிந்தார்.

"மனசை விடாதீங்க ப்ரொபசர். கிணறு வேற, கடல் வேற. கடலுக்கடியில யார் குழாய் போட்டு வச்சிருக்கா? மேல தெளிஞ்சாப் போதும், பேப்பர்க்காரன் போட்டோ எடுத்துட்டுப் போயிடுவான். மிச்ச மூட்டைய வேன்ல ஏத்தச் சொல்லுங்க."

ஞானதாஸ் பிறந்து வளர்ந்து அதுவரை ஒருவரையும் கைநீட்டி அடித்தவரில்லை. இப்போது ஓங்கி அறைந்தார்; தங்க பிரேம் பறந்து வாய்க்காலில் விழுந்தது. வெள்ளைச் சட்டை மார்பில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதியப் பிடித்து உலுக்கினார்.

"இந்தக் கிணத்துல நான் எறங்கி அள்ளிடுவேன். கடல்ல எவன் எறங்குவான்? சொல்லுய்யா, எவன் எறங்குவான்?"

பிடித்துத் தள்ளியதில் அதிகாரி மூட்டைகள் மேல் மல்லாந்து விழுந்தார். வைக்கோல் அறுக்க வைத்திருந்த அரிவாளை எடுத்து ஞானதாஸ் அவருக்கு இருபுறமும் மூட்டைகளைக் கிழித்துத் தள்ளினார். காற்றில் மாவு பறந்து எல்லார் முகத்திலும் அப்பியது. கோதண்டபாணி தவழ்ந்து எழுந்து, போலீஸ் என்றும் கோர்ட் என்றும் கத்திக்கொண்டே காரில் ஏறிப் போனார்.

ஞானதாஸ் அரிவாளைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினார். எதிரே சின்னண்ணன், கையில் அதே ஹேண்டில். அடி விழும் என்று ஞானதாஸ் கண்ணை மூடிக்கொண்டார். விழவில்லை. ஒரு மூங்கில் கூடை வந்து காலில் இடித்தது.

"எறங்குங்க" என்றான் சின்னண்ணன்.

முறிந்த கையைத் துண்டால் மார்போடு கட்டிக்கொண்டு அவர் இறங்கினார். மூச்சுப் பிடித்து முங்கி, ஒற்றைக் கையால் சேற்றை வழித்துக் கூடையில் போட்டார். சின்னண்ணன் மேலிருந்து கயிறு இழுத்தான். முதல் கூடை போகும்போது கட்டிலிலிருந்து மயில்சாமியின் குரல் கேட்டது.

"அடியோட போயிருச்சுங்களா சாமி?"

"இன்னும் இல்லீங்க" என்று ஞானதாஸ் கீழிருந்து கத்தினார்.

அடுத்த கூடைக்கும் மயில்சாமி அதையே கேட்டார்.